திரை மின்னும்போது

போன தீபாவளி லீவுக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். படிவம் இரண்டு படிக்கும் மாமா மகன், விளக்கை அணைத்துவிட்டு, பெரிய டிவிக்கு முன்னால் ஒட்டி உட்கார்ந்து கேம் விளையாடிக்கொண்டிருந்தான். ஒரு குண்டு வெடித்தது. திரை முழுக்க வெள்ளை வெள்ளையாக மின்னியது. அவன் கையிலிருந்த கண்ட்ரோலர் விழுந்தது, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அத்தை அழுதுகொண்டே சாவிக்கொத்தைத் தேடினார். எஞ்சினியரிங் படிக்கிற நானோ மரம் மாதிரி நின்றேன்.

ஒளியால் தூண்டப்படும் வலிப்பு என்று டாக்டர் பிறகு சொன்னார். நண்பர்களே, விஷயம் இதுதான். பார்வைக்கான பகுதி மூளையின் பின்பக்கம் இருக்கிறது. வெளிச்சம் ஒரே தாளத்தில் மின்னினால், சிலருக்கு அங்குள்ள நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றி ஒன்றாகத் துடிக்கத் தொடங்கிவிடும். வலிப்பு நோய் உள்ள 100 பேரில் சுமார் 3 பேருக்குத்தான் இந்த வகை. ஆனால் பிள்ளைகளிடமும் நம் வயதுக்காரர்களிடமும்தான் அதிகம். வினாடிக்கு 3 முதல் 30 தடவை மின்னுவது ஆபத்து. அடர்சிவப்பு இன்னும் மோசம். 1997 டிசம்பர் 16-ல் ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமோன் தொடரில், சிவப்பும் நீலமும் வினாடிக்குச் சுமார் 12 தடவை மாறி மாறி மின்னின. 600-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குப் போனார்கள். 2020-ல் சைபர்பங்க் 2077 கேமை விமர்சனத்துக்காக விளையாடிய பத்திரிகையாளருக்கு வலிப்பு வந்தது. சில நாளிலேயே அந்தக் காட்சியின் மின்னலைக் குறைத்தார்கள்.

என் கதைக்கு வருகிறேன். நண்பர்களோடு நான் செய்த சின்ன கேமில் அடிபட்டால் 4 ஃப்ரேம் வெள்ளை, 4 ஃப்ரேம் கறுப்பு. 60-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள்: வினாடிக்கு ஏழரை மின்னல்! இணையத்தள அணுகல் விதிகளே 3-ஐத் தாண்டாதே என்கின்றன. செலஸ்ட் கேமில் மின்னலைக் குறைக்கத் தனி செட்டிங் இருக்கிறது. நாங்களும் அப்படி ஒன்று வைத்தோம். "ஆஃப்லயே இருக்கட்டும்டா, வேணும்னா போட்டுக்கட்டும்," என்றான் கூட்டாளி. எனக்கு ஒப்பவில்லை. முதல் வலிப்பு வரும்வரை மாமா மகனுக்கே தெரியாதே, அவன் எப்படித் தேடிப் போய்ப் போடுவான்? கடைசியில் மாற்றி வைத்தோம். பாதுகாப்பு தானாக ஆனில் இருக்கும். மின்னல் வேண்டியவர் போய் எடுத்துக்கொள்ளலாம். அதற்காக நூறு சதவீதம் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

விளையாடும்போது ஒரு மாதிரியாக இருந்தால், ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்க மூடி, திரையிலிருந்து திரும்பிவிடுங்கள். வெறுமனே இமைகளை மூடினால் போதாது. வெளிச்சம் இமை வழியே சிவப்பாக உள்ளே போகும். யாருக்காவது இழுத்தால் பக்கத்தில் உள்ள சாமான்களை அகற்றி, தலைக்கடியில் துணி வையுங்கள். அமுக்கிப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் 999. முதல் தடவை என்றால் காத்திருக்கவே வேண்டாம். சாவிக்கொத்தால் ஒரு பயனும் இல்லை. அத்தையிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது.

இப்போது அவன் விளக்கைப் போட்டு, தள்ளி உட்கார்ந்துதான் விளையாடுகிறான். புதுசாக எந்த கேம் போட்டாலும் எனக்குப் படம் அனுப்புவான்: "அண்ணே, இதுல செட்டிங் எங்க இருக்கு?"