காகம் சொன்ன முதல் வார்த்தை

பாளையங்கோட்டை

அன்புள்ள பேத்திக்கு,

காகமும் ஆந்தையும் கதைக்கு நீ எழுதிய விடையைப் படித்தேன். ‘பகைவனை நம்பாதே’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். தப்பில்லை கண்ணு, ஆனால் அந்த நீதி கதையின் கடைசிப் பக்கத்துக்கு மட்டுந்தான் பொருந்தும்.

பஞ்சதந்திரத்தில் சந்திவிக்கிரகம் என்ற பகுதியே காகங்களுக்கும் ஆந்தைகளுக்கும் உள்ள பகைதான். காக மந்திரி சிரஞ்சீவி, சொந்தக் கூட்டமே அடித்துத் துரத்தியதுபோல் நடித்து ஆந்தைகளிடம் அடைக்கலம் புகுகிறது. ஒரே ஒரு ஆந்தை மந்திரி எச்சரிக்கிறது. யாரும் காதில் வாங்கவில்லை. கூடு கட்டுவதாகச் சொல்லிக் குகை வாசலில் சுள்ளி சேர்த்து, ஆந்தைக்குக் கண் தெரியாது என்று கதை சொல்லும் பகலில் தீ வைத்துவிடுகிறது.

இந்தத் தந்திரத்தில் மயங்கினால் காரணம் கைநழுவிவிடும். பின்னால் போய்ப் பார். பறவைகள் ஆந்தைக்கு முடிசூட்டக் கூடியிருந்த சபையில் ஒரு காகம் அதன் முகத்தையே பழித்துப் பேசியது. பட்டாபிஷேகம் நின்றது. வீணாய்ப் பகை தேடிக்கொண்டோமே என்று பிறகு அந்தக் காகமே வருந்துகிறது. கதையிலேயே எனக்குப் பெரிய இடம் அதுதான். வருந்தியது, போய்ச் சமாதானம் பேசவில்லை.

நம் சீமையிலும் பார். பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் பழைய எல்லைத் தகராறு. கப்பம் கேட்ட கிழக்கிந்தியக் கும்பினியோடு பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் மோதியபோது எட்டயபுரம் கும்பினி பக்கம் நின்றது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டார்கள். தம்பி ஊமைத்துரையை அடைத்தது இங்கே, நம் பாளையங்கோட்டையில். 1801 பிப்ரவரியில், விறகு விற்பவர்களாக வேடமிட்டு வந்தவர்கள் அவரை மீட்டார்கள் என்பார்கள். மறுபடி சண்டை, மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தது.

எட்டயபுரத்துப் பாளையக்காரர் எட்டப்பனைத் துரோகி என்று திட்டிவிட்டு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அவர் செய்தது துரோகந்தான், கும்பினியின் பேராசையும் சின்னதில்லை. ஆனால் அந்த எல்லைத் தகராறு பேசித் தீர்க்கப்படாமல் கிடந்ததே, கும்பினி நுழைய அது எவ்வளவு வசதியாகப் போயிற்று! ஜெயித்த பக்கத்துக்கு மட்டும் என்ன மிஞ்சியது? கொஞ்சம் நிலம். சில வருஷங்களுக்குள் எட்டயபுரமும் கும்பினிக்கு வரி கட்டும் ஜமீன் ஆகிவிட்டது.

விடையைத் திருத்தி எழுத வேண்டாம். ஆந்தை ராஜாவாக வேண்டாம் என்று காகத்துக்குத் தோன்றியதில் குற்றமில்லை. அதை அந்தச் சபையில் வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம்? அதை மட்டும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
தாத்தா