புற்களக் காவலர் டாம் மாரிஸ்

ஆட்டத்தில் வென்றோர் பெயரை உலகம் ஏட்டில் எழுதி வைக்கும். அவர் ஆடிய நிலத்தைப் பேணினோரை நினைப்பார் சிலரே. களம் என்னும் சொல் நெற்களம், போர்க்களம், ஆடுகளம் மூன்றையும் குறிக்கும். மூன்றிலும் கூட்டம் கலைந்தபின் சீர்செய்வார் ஒருவர் வேண்டும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் கால்ப் களங்காத்த டாம் மாரிஸ் (1821-1908) அத்தொழிலை மிகச் சில கைகளைக்கொண்டு எவ்வாறு நடத்தினார் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1864ஆம் ஆண்டில் அந்நகரத்து ராயல் அண்டு ஏன்ஷியண்ட் கழகத்தார் அவரைக் களக்காவலராக அழைத்தனர். ஆண்டுச் சம்பளம் 50 பவுன். தள்ளுவண்டி, மண்வெட்டி, மண்வாரி ஆகியவற்றைத் தொழிலின் அடையாளமாக அவர் கையில் அளித்தனர். பளுவான வேலைக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓர் ஆள் துணை. ஆறு நாளும் ஆடும் களத்திற்கு இரு நாட் கூலியாள் என வகுத்தவர் கணக்கிற் சிக்கனம் சற்று மிகுதி என்றே நமக்குத் தோன்றுகின்றது.

காக்கவேண்டிய நிலமோ ஊர்ப்பொது நிலம். நகரமாந்தர் அங்கே துணி உலர்த்தினர். கம்பளங்களைத் தட்டித் தூசு போக்கினர். முயல்கள் வளை தோண்டின. 1848ஆம் ஆண்டளவில் மலிவான கட்டாபெர்ச்சாப் பந்து வந்தது. 1852இல் இருப்புப்பாதையும் வந்தது. ஆடுவோர் தொகை பெருகிற்று. இரும்புத் தலைக்கோல்கள் புற்றரையைப் பெயர்த்தன. களத்தின் புகழே களத்தை அழிக்கும் நிலை நேர்ந்தது.

இவ்வாட்டத்திற் பந்து சென்று வீழவேண்டிய குழியைச் சூழ்ந்த குறும்புல் தரையைக் 'கிரீன்' என்பர். அக்காலத்தார் ஒரு குழியில் ஆடி முடித்தவுடன், அதன் அருகிலேயே அடுத்த பந்தை வைத்து ஓங்கி அடித்தனர். பந்தை வைக்கும் சிறு மணற்குவைக்கு அக்குழியினின்றே மணல் அள்ளினர். ஆதலாற் குழி நாடோறும் ஆழ்ந்தது, விளிம்பு இடிந்தது, சுற்றிய புல்லும் மிதிபட்டு மாய்ந்தது. எத்துணை ஆள் வைத்துச் செப்பனிட்டாலும் மறுநாள் அதே புண் தோன்றும். மாரிஸ் பந்தடிக்கும் மேடைகளைக் கிரீனினின்று பிரித்து வேறிடத்தில் அமைத்தார்; குழிகளுக்கு உலோக உறையும் இட்டார். வேலையைச் செய்து முடிப்பதினும், வேலை பிறக்கும் வாயிலை அடைத்தலே இங்கு அவர் கண்ட வழி.

மணலின் அருமையை முன்னர்ப் பிரெஸ்ட்விக் நகரிற் பணிபுரிந்த நாளிற் கற்றனர் என்பர். தள்ளுவண்டி மணல் தற்செயலாய்ப் புல்லின்மேற் கவிழ, அவ்விடத்துப் புல் முன்னினும் செழித்தது. மணல் பள்ளங்களை நிரவும். மழைநீரை விரைந்து இறக்கும். மட்கிய புல்லோடு கலந்து வேருக்கு இடந்தரும். பின்னாளில் துணையாள் ஹனிமனிடம் ஓயாது மணல் கேட்டது அவ்வூரில் வேடிக்கைப் பேச்சாயிற்று. கடற்கரை மணலில் வளரும் பெஸ்கியூ என்னும் மென்புல் மெல்ல வளர்வது. வறண்ட நிலத்தைப் பொறுப்பது. எருவும் நீரும் மிகப் பெய்தால் வேறு புல் புகுந்து, அடிக்கடி வெட்டவும் நோய் நீக்கவும் ஆள் கேட்கும். வறிய நிலம் வறிய காவலனுக்கு உதவிற்று!

1870ஆம் ஆண்டளவில் முதற்குழிக்குப் புதிய கிரீன் அமைந்தது. அதன்பின் ஒரு வாரம் இடமாகவும் மறுவாரம் வலமாகவும் களத்தைச் சுற்றி ஆட வழியுண்டாயிற்று; தேய்வு ஓரிடத்திலேயே விழாது பரந்தது. ஞாயிறு ஆட்டமோ அவருக்கு ஒவ்வாதது. ஆடுவார்க்கு வேண்டாவிடினும் நிலத்திற்கு ஓய்வு வேண்டும் என்பது அவர் கருத்தாம். நிலத்திற்கும் ஓய்வு விதித்த லேவியராகமத்தை நம் திருமறையிற் பயின்றார்க்கு இது புதிதன்று.

இன்று அரைக்கும் பொறிகள் போலப் புல்லரியும் பொறிகள் பல வந்துவிட்டன. எனினும் சிறு கழகங்களில் விடியற்காலையில் இரண்டு மூன்று ஆட்களே நிற்பர். கிரீனை அரிந்து, குழியை இடம் மாற்றி, பின்னரே மேடைகளையும் மணற்பள்ளங்களையும் நோக்குவர். ஓரத்து நெடும்புல்லுக்கு முறை வரும்போது வரும். பெயர்ந்த புற்கட்டியை மீண்டும் வைத்து மிதிப்பதும், பள்ளத்து மணலைத் தம் அடிச்சுவடு மறைய வாருவதும் ஆடுவார் கடன். அதனை மறந்தவர் ஒவ்வொருவரும் அவ்விருவர்க்கு மறுநாள் வேலை வைக்கின்றனர்.

மாரிஸ் 1903இல் ஓய்வுபெற்றார். அவர் காத்த பழைய களத்தில், 112 மணற்பள்ளங்களுக்கிடையே, ஞாயிறுதோறும் இன்றும் பெரும்பாலும் ஆட்டம் இல்லை. நகரமாந்தர் நாய்களுடன் உலாவி வருகின்றனர்.