பூச்செடியும் மாவுப்பூச்சியும்

பூசைக்கு மலர் தரும் செம்பருத்தியில் வெண்பஞ்சு போல் மாவுப்பூச்சி அடைந்துவிட்டது, என் செய்வது எனச் சகோதரிகள் சிலர் வினவுகின்றனர். செடி ஓரறிவுயிர், பூச்சியோ அதனினும் அறிவு மிக்க திரச ஜீவன். அதனை வேண்டுமென்றே கொல்வது சங்கல்பி ஹிம்சை. அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார்க்கு அது ஆகாது.

வேப்பெண்ணெய் இயற்கையானதாயிற்றே என்பர். அதுவும் இளம்பூச்சிகள் தோலுரித்து வளர்வதைத் தடுத்து மாய்க்கும். சோப்புக் கரைசலும் மூச்சடைத்துக் கொல்லும். இதனை மறைத்துப் பேசுதல் தகாது.

ஆகவே வருமுன் காத்தலே நம் வழி. யூரியா மிகுந்தால் தளிர் மென்மையாகிச் சாறுண்ணும் பூச்சிகள் பெருகும். மக்கிய எருவே போதும். பூச்சி கழிக்கும் இனிப்பு நீரை விரும்பும் எறும்புகள், அதன் எதிரிகளை விரட்டி அதனைக் காக்கின்றன. சுவரைத் தொடும் கிளைகளைக் கழித்தால் எறும்பின் வழி குறையும். பின்னர்ப் பொறிவண்டுகள் தாமே வந்து பூச்சிகளை உண்ணும். அஃது அவற்றின் இயல்பு, நம் செயலன்று. (விலைக்கு வாங்கி விடுதல் வேறு, அதனை நான் ஒப்பேன்.)

பூச்சி மண்டிய நுனிகளை மெல்லக் கத்தரித்து, எரிக்காமல், கால் படாத வேலியோரச் செடிகளின் அடியில் இடுக. சில பிழைக்கும், சில பிழையா. அவ்வாரம் பூ குறையுமாயின் பூசைக்கு அட்சதை போதும்.