பொதுக் கல்லாவில் எவ்வளவு போடலாம்?

வில்லியனூர் சாலையில் ரெட்டியார்பாளையத்தைத் தாண்டினால் மூலக்குளம். இங்கே கடை வைத்திருப்பவர் தொழில்வரியை உழவர்கரை நகராட்சிக்குக் கட்டுகிறார். மேட்டுப்பாளையம் பிப்டிக் தொழிற்பேட்டையும் அதே நகராட்சியில்தான். சேதராப்பட்டு பேட்டைக்கு வேலைக்குப் போகிறவரோ வில்லியனூர் கொம்யூன் எல்லைக்குள் நுழைகிறார். வீடு ஓர் உள்ளாட்சியில், சம்பளம் இன்னொன்றில், கடைத்தெரு மூன்றாவதில் என்று வாழ்கிற ஊர் இது. மழைத்தண்ணீரும் லாரிகளும் எந்த எல்லைக்கும் நிற்பதில்லை. குப்பை விஷயத்தில் புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகள் ஏற்கெனவே குரும்பாபேட்டில் ஒரே கிடங்கைத்தான் நம்பியிருக்கின்றன.

அப்படியிருக்க, வணிகத்திலும் தொழிலிலும் வரும் உள்ளாட்சி வரியில் ஒரு பங்கை இந்த இரண்டு நகராட்சிகளும் வில்லியனூர், அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்துகளும் ஒரே கல்லாவில் போட்டு வட்டாரத்துக்குச் செலவழித்தால் என்ன? புதுச்சேரியில் இன்று அப்படியொரு கல்லா கிடையாது. வெளியில் சில மாதிரிகள் உண்டு. வருங்காலத்தில் கவுன்சிலர் வேட்பாளர் ஒருவர் ஓட்டுக் கேட்டு வந்து இந்தப் பேச்சை எடுத்தால், எந்த மாதிரியைச் சொல்கிறார் என்று கேட்கத் தெரிய வேண்டும். ஒவ்வொன்றிலும் லாபம் வேறு ஆளுக்கு, நட்டம் வேறு ஆளுக்கு.

முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். தொழில்வரிக்கு அரசியல் சட்டத்தின் 276-ஆம் பிரிவு பூட்டுப் போட்டிருக்கிறது: ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் கூடாது. 250 ரூபாயாக இருந்த வரம்பை 1988-இல் அறுபதாவது திருத்தம் உயர்த்தியது. அதோடு சரி. பொட்டு நகை விற்பவரும் கோடிக்கணக்கில் இரும்பு விற்பவரும் உச்சத்தைத் தொட்டுவிட்டால் ஒரே தொகைதான். ஆயிரம் பேர் உச்சவரம்பு கட்டினாலும் ஆண்டுக்கு 25 லட்சம். நாலு உள்ளாட்சிக்கு நடுவே ஒரு வாய்க்காலைச் சீர்செய்யக்கூட இது காணாது. தொழில்வரியை மட்டும் சேர்த்து வட்டாரத்தையே வளர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால், கணக்குப் போட்டுப் பார்க்காதவர் என்று பொருள்.

ஆகவே கல்லாவுக்குக் கனம் சேர்க்கக்கூடியது கடை, கிடங்கு, தொழிற்சாலைக் கட்டடங்களின் சொத்துவரிதான். உரிமக் கட்டணத்தை இதில் சேர்க்கக் கூடாது. கட்டணம் என்பது செய்த சேவைக்கான கூலி. மூலக்குளத்துக் கடையின் உரிமத்துக்கு வாங்கிய பணத்தில் அரியாங்குப்பத்தில் சாலை போட்டால் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். வரிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

புதுச்சேரிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டு நகராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் மத்திய நிதிக்குழு வழியாக மானியம் வருகிறது. சட்டமன்றம் இருந்தாலும் நாம் யூனியன் பிரதேசம். அந்தப் பங்கீட்டில் நமக்கு இடமில்லை. அதனால் இங்கே சொந்த வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் பக்கத்து விழுப்புரத்தை விட மதிப்பு அதிகம், அதைப் பொதுவில் போடும் தயக்கமும் அதிகம்.

இங்கிலாந்து வழி

2013 முதல் இங்கிலாந்தில் வணிகக் கட்டட வரியில் பாதியை உள்ளாட்சிகளே வைத்துக்கொள்ளலாம். வரி வளம் மிகுந்த மன்றங்கள் மைய அரசுக்கு ஒரு தொகை கட்டும், குறைந்தவை வாங்கிக்கொள்ளும். வளமான மன்றம் மேலும் வளர்ந்தால் அந்த வளர்ச்சியின் மீதும் மைய அரசு ஒரு பிடித்தம் வைத்திருக்கிறது. கொடுக்கும் மன்றமும் வாங்கும் மன்றமும் சேர்ந்து ஒரே கணக்காகக் காட்டினால் அந்தப் பிடித்தம் குறையும். மிச்சப்பட்ட பணத்தைக் கூட்டாகச் செலவழிக்கலாம். லெஸ்டர் நகரமும் லெஸ்டர்ஷயர் மன்றங்களும் அப்படி மிஞ்சியதை வட்டாரப் பொருளாதார வளர்ச்சி அமைப்பின் கையில் கொடுத்தன.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே கூட்டுச் சேர்வதன் உயிர்நாடியே மைய அரசின் பிடித்தத்தைக் குறைப்பது. நம் சொத்துவரியில் டெல்லிக்கோ தலைமைச் செயலகத்துக்கோ அப்படிப் பிடித்தம் இல்லாதபோது மிச்சம் எங்கிருந்து வரும்? இன்னொரு ஆபத்தும் உண்டு. 2013 விதிப்படி ஒரு மன்றத்தின் வருவாய் அதற்கு வகுத்த அடிப்படைத் தொகையில் 92.5 சதவீதத்துக்குக் கீழே போனால் மைய அரசு தாங்கும். கூட்டில் சேர்ந்துவிட்டால் அந்தத் தாங்கல் கூட்டு மொத்தத்துக்குத்தான். ஒரு பெரிய ஆலை மூடினால் முதலில் கூட்டாளிகள் கையைவிட்டுக் கொடுக்க வேண்டும். 2020-இல் ஏ.எஃப்.டி. ஆலை கதவடைத்ததைப் பார்த்த ஊருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இந்த வழி நமக்குப் பொருந்தாது.

பிரெஞ்சுக்காரர்கள் செய்தது

நம் கொம்யூன்கள் 1880-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணையின் பிள்ளைகள். நகராட்சிக் கட்டடத்தை மேரி என்று நாம் இன்னும் சொல்வதும் அந்த வழக்கில்தான். அதே பிரான்சில் கொம்யூன்கள் முப்பத்தாறாயிரத்துக்கு மேல் சிதறிக் கிடந்தன. பக்கத்துப் பக்கத்துக் கொம்யூன்கள் வரியைக் குறைத்துக் குறைத்து ஒன்றின் தொழிற்சாலையை இன்னொன்று இழுத்தன. 1992-இல் ஒரு சட்டம் வழி திறந்தது. 1999 ஜூலையில் ஷெவன்மான் சட்டம் அதைப் பரவலாக்கியது. ஐம்பதாயிரம் பேருக்குக் குறையாத நகரத்திரள் ஒன்றுசேர்ந்தால், தொழில்வரியை இனி கொம்யூன் வாங்காது. கூட்டமைப்பே ஒரே விகிதத்தில் வாங்கும். பொருளாதார வளர்ச்சி அதன் கட்டாயப் பொறுப்பு.

இதன் நுட்பம் திருப்பித் தருவதில் இருக்கிறது. சேரும் ஆண்டில் கொம்யூனுக்கு வந்துகொண்டிருந்த தொகையைக் கணக்கிட்டு, கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட வேலைகளின் செலவைக் கழித்து, மீதியை ஆண்டுதோறும் கொம்யூனுக்கே கொடுத்துவிடுவார்கள். பழைய பணம் பழைய இடத்துக்கு, புதிய வளர்ச்சி மட்டும் பொதுவுக்கு. வெவ்வேறு விகிதங்கள் ஒன்றாவதற்கும் பல ஆண்டு அவகாசம் உண்டு. ஒரே நாளில் வரி எகிறாது.

2011 கணக்கெடுப்பில் உழவர்கரைக்கு மூன்று லட்சம் பேர், புதுச்சேரி நகராட்சிக்கு இரண்டே கால் லட்சத்துக்கு மேல். ஆள்தொகை வரம்பு நமக்கு ஒரு பொருட்டே இல்லை. இடிக்கும் இடம் வேறு: அந்தக் கூட்டமைப்பின் மன்றத்தில் உட்காருபவர்கள் கொம்யூன்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள்; நம்மிடம் இன்று அப்படி யாரும் இல்லை. எச்சரிக்கையாக இன்னொன்று: 2010-இல் பாரிஸ் அந்தத் தொழில்வரியையே எடுத்துவிட்டு வேறு வரிகளை வைத்தது. கல்லாவின் அடித்தளம் மேலே இருப்பவர் கையில் இருந்தால் இப்படியும் நடக்கும்.

மினசோட்டா வழி

எனக்குப் பிடித்தது இது. அமெரிக்காவின் மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களைச் சுற்றிய ஏழு மாவட்டங்களுக்கு 1971-இல் ஒரு சட்டம் வந்தது. பர்ன்ஸ்வில் என்ற புறநகர் எதிர்த்து வழக்குப் போட்டுத் தோற்றது. 1975 முதல் நடைமுறையில் இருக்கிறது. விதி எளிது. 1971-இல் இருந்த வணிக, தொழில் கட்டடங்களின் மதிப்பு ஊருடையது. அதற்குப் பிறகு கூடியதில் 40 சதவீதம் பொதுவுக்கு. பொதுவில் சேர்ந்ததை மக்கள்தொகையையும், தலைக்கு எவ்வளவு சொத்து மதிப்பு என்பதையும் பார்த்துப் பங்கிடுவார்கள். வளம் குறைந்த ஊருக்குக் கூடுதல் பங்கு.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், உழவர்கரையின் வணிகக் கட்டட மதிப்பு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டில் 150 ஆகிறது. பொதுவுக்குப் போவது 20. உழவர்கரைக்கு 130 மிஞ்சுகிறது. அதாவது முன்பிருந்ததைவிட முப்பது கூடுதல். யாரிடமிருந்தும் இருப்பதைப் பிடுங்கவில்லை. சேதராப்பட்டில் ஒரு புதிய ஆலை வந்தால் மூலக்குளத்துக்கும் நாலு காசு வரும் என்று தெரிந்தபின், அந்த ஆலையை இந்தப் பக்கம் இழுக்க வரிச் சலுகை கேட்டு யாரும் அலையமாட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. அந்தப் பணம் ஊர்களின் பொதுச் செலவுக்குத்தான் போகிறது. பேட்டைச் சாலைக்கு, வடிகாலுக்கு என்று ஒதுக்கப்படுவதில்லை. புதுச்சேரியில் அப்படி விட்டால் சம்பள பாக்கியில் கரைந்துபோகும். அதனால் இங்கே வேண்டுமானால் விகிதத்தை 40-லிருந்து 20 அல்லது 25-ஆகக் குறைத்து, செலவை எல்லை தாண்டும் வேலைகளுக்கு என்று சட்டத்திலேயே கட்டிப்போடலாம்.

நம் நாட்டில் இருப்பவை

ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் தொழிற்பேட்டைகளுக்கென்று தனி உள்ளாட்சி அதிகாரம் உண்டு. பேட்டைக்குள் சொத்துவரியை அதுவே வாங்கி, 35 சதவீதத்தை அந்த ஊர் உள்ளாட்சிக்குக் கொடுத்து, மீதியைப் பேட்டையிலேயே செலவழிக்கிறது. பேட்டைக்காரர்களுக்கு நல்லது. மேட்டுப்பாளையத்தில் இதைக் கொண்டுவந்தால் உழவர்கரைக்கு இழப்பு, வில்லியனூருக்கு ஒன்றும் இல்லை. நம் கேள்விக்கு இது விடையாகாது.

தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை மீதான கூடுதல் வரி போன்ற, ஊராட்சிகளுக்கு உரிய வருவாயை மாநில அளவில் சேர்த்து, ஒரு பகுதியை ஊராட்சிகளுக்குப் பங்கிட்டு, ஒரு பகுதியைத் திட்டங்களுக்கு ஒதுக்குகிறார்கள். ஏழை ஊராட்சிகளுக்கு இது உதவியது உண்மை. எந்த வேலைக்கு என்று முடிவெடுப்பதில் ஊரின் பேச்சு எட்டுவது கடினம். புதுச்சேரியில் கல்லாச் சாவி தலைமைச் செயலகத்துக்குப் போய்விட்டால் இதே கதிதான்.

இன்னொரு தமிழ்நாட்டு உதாரணம் வேறு வகை. பத்துக்கும் மேற்பட்ட சிறிய நகராட்சிகளும் பேரூராட்சிகளும், தனித்தனியாகக் கடன் பத்திரம் விட்டால் யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால், 2002 டிசம்பரில் நீர், துப்புரவுக் கூட்டு நிதியம் வழியாகச் சேர்ந்து 30.41 கோடி ரூபாய் திரட்டின. பதினைந்து ஆண்டுக் கடன். அசலில் பாதிக்கு அமெரிக்க வளர்ச்சி முகமை பிணை. தவணை தவறினால் மாநில அரசு தரவேண்டிய பங்கிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். வரியைக் கையால் தொடாமல், வரிவசூல் திறனை மட்டும் சேர்த்த வழி இது. எல்லை தாண்டும் ஒரே ஒரு பெரிய வேலை, உதாரணமாக மேட்டுப்பாளையம் முதல் வில்லியனூர் வரையான வடிகால், நம் தேவை என்றால் இதுவே போதும். புதிய வரிச் சட்டமே வேண்டாம். பல ஆண்டுகளுக்குத் தொடரும் பொதுப் பணம் வேண்டுமென்றால்தான் மினசோட்டா.

சாவி யாரிடம்?

இந்த வழிகளில் நல்லவற்றுக்கெல்லாம் ஒரு நிபந்தனை பொது: கணக்குக் கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் வேண்டும். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 2006-இல்தான் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேதி அறிவித்து, அதுவும் நின்றுபோனது. அதிகாரிகள்தான் நடத்துகிறார்கள். 1954 அக்டோபரில் கீழூரில் கூடி, 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தது கொம்யூன் கவுன்சிலர்களும் பிரதிநிதிச் சபையினரும்தான். நாடு மாறலாமா என்று தீர்மானித்த பதவிக்கு இன்று ஓர் ஆள் இல்லை. அரசியல் சட்டம் சொல்லும் மாவட்டத் திட்டக் குழு இந்தப் பொதுக் கல்லாவுக்குப் பொருத்தமான இடம். அதிலும் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் உள்ளாட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிலிருந்தே வர வேண்டும்.

ஆகவே மன்றம் இல்லாதவரை மூலக்குளத்து வணிகர் சங்கம் எந்த நிரந்தரக் கல்லாவுக்கும் சம்மதிக்கக் கூடாது என்பது என் கருத்து. ஒரே வேலைக்கான, முடிவுத் தேதி உள்ள கூட்டுக் கடனுக்கு வேண்டுமானால் தலையசைக்கலாம்.

மன்றம் வந்து, வளர்ச்சிப் பங்கீட்டைப் பேசும் நாளில் முதல் சண்டை அடிப்படை ஆண்டைப் பற்றியதாக இருக்கும். ஒரு பெரிய ஆலை மூடிய ஆண்டை எடுத்தால் அந்த உள்ளாட்சிக்கு அடிப்படை தாழ்ந்துவிடும். பிறகு பழைய நிலைக்குத் திரும்புவதைக்கூட வளர்ச்சி என்று கணக்கிட்டுப் பங்கு கேட்பார்கள். மூன்று ஆண்டுச் சராசரி வைப்பது நல்லது. சொத்துவரி விகிதத்தை உயர்த்தியதால் கூடிய வசூலையும் வளர்ச்சியில் சேர்க்கக் கூடாது. அளக்க வேண்டியது கட்டடத்தின் மதிப்பை. இல்லாவிட்டால் வரியை ஏற்றத் துணிந்த நகராட்சியே பக்கத்து ஊருக்கும் சேர்த்துக் கட்டும்.