நோய் தொற்றும் வழிகளும் அவற்றை அடைக்கும் முறைகளும்

கடன் தவணை தவறுவதற்குரிய காரணங்களை ஆராயுமிடத்து, மழை பொய்த்தலைப் போலவே நோயும் ஒரு காரணமாயிருத்தல் விளங்கும். விதைப்புக் காலத்தில் குடும்பத் தலைவன் இரண்டு வாரம் படுக்கையிற் கிடப்பானாயின், அவ்வருஷத்து மகசூலே குன்றும். வைத்தியச் செலவுக்கு வாங்கிய கைமாற்றும் பயிர்க்கடனோடு சேரும். ஆதலின், நோய் பரவும் விதத்தை அறிதல் சங்க அங்கத்தினர்க்குக் கணக்கறிதலைப் போன்றே அவசியமாகும்.

1. தொற்று என்பது யாது?

கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் முதலியன ஓர் உடலினின்று மற்றோர் உடலிற் புகுந்து நோய் விளைத்தலே தொற்று. நீரால் வரும் நோய் யாவும் தொற்றாகா. தர்மபுரி ஜில்லாவிற் பல ஊர்களிற் காணும் பற்கறையும் மூட்டு இறுகுதலும் நிலத்தடி நீரில் மிகுந்துள்ள புளோரைடு என்னும் உப்பால் விளைவன. அவை ஒருவரிடமிருந்து மற்றவர்க்கு ஒட்டுவதில்லை. நீரைக் காய்ச்சினும் அவ்வுப்பு நீங்காது. வேறு நீர் பெறுதலே அதற்குப் பரிகாரம். அதன்பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. தொற்றுநோய்க்கோ அது வரும் வழியை அடைத்தலே பரிகாரம்.

2. நான்கு வழிகள்

முதலாவது, வாய். காலரா, டைபாய்டு, ஒருவகைக் காமாலை ஆகியவற்றின் கிருமிகள் நோயாளியின் மலத்தினின்று நீர், ஈ, கழுவாத கை ஆகியவற்றின் வாயிலாக உணவை அடைகின்றன. இரண்டாவது, மூச்சு. க்ஷயம், தட்டம்மை, இன்புளுயன்சா இருமலாலும் தும்மலாலும் பரவும். மூன்றாவது, பூச்சிக்கடி. மலேரியாவும் டெங்குவும் கொசுவால் வருவன. டெங்குக் கொசு சாக்கடையிலன்றி, வீட்டுத் தொட்டியிலுள்ள தெளிந்த நீரிலேயே முட்டையிடும். நான்காவது, தோல். சிரங்கு தொடுதலாலும், கொக்கிப்புழு வெறுங்காலுடன் அசுத்த மண்ணில் நடப்பதாலும் ஒட்டும்.

3. நரம்புச் சிலந்தி கற்பிக்கும் பாடம்

வழியை அடைத்தால் நோய் அழியுமென்பதற்கு நரம்புச் சிலந்தியே சிறந்த சாட்சி. அந்நோயாளியின் காலிற் கொப்புளம் எழும்பி, ஒரு மீட்டர் வரை நீண்ட புழு மெல்ல வெளிப்படும். எரிச்சல் தாளாது அவர் படிக்கிணற்றில் இறங்கிக் காலை நனைக்க, புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விடும். அவற்றை விழுங்கிய சிறு நீர்ப்பூச்சிகள், அந்நீரைக் குடிப்போர் வயிற்றையடையும். ஏறக்குறைய ஓராண்டு கழித்து அவர்கள் காலிலும் புழு தோன்றும்.

இந்நோய்க்குத் தடுப்பூசியுமில்லை, புழுவைக் கொல்லும் மருந்துமில்லை. எனினும் துணியால் நீரை வடிகட்டிக் குடித்தல், நோயாளியை நீரில் இறங்காது தடுத்தல், படிக்கிணறுகளை மாற்றியமைத்தல், பூச்சிகொல்லி மருந்திடுதல் ஆகியவற்றாலேயே இந்தியாவில் அது ஒழிந்தது. இறுதி நோயாளி 1996ஆம் ஆண்டு ராஜஸ்தானிற் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்நாட்டிற்கு நற்சான்று வழங்கியது. அந்நோய் கண்டிருந்த ராஜ்யங்களுள் தமிழ்நாடும் ஒன்று.

4. கிணற்று நீரைச் சுத்தி செய்யும் கணக்கு

ஆயிரம் லிட்டர் நீருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் வேண்டும். கிணற்றின் குறுக்களவு 3 மீட்டர், நீரின் ஆழம் 4 மீட்டர் எனக் கொள்வோம். 3-ஐ 3-ஆற் பெருக்கி, 4-ஆற் பெருக்கி, 3.14-ஆற் பெருக்கி, 4-ஆல் வகுக்க 28.26 கன மீட்டர் கிடைக்கும். அஃதாவது சுமார் 28,000 லிட்டர். எனவே 70 கிராம் பவுடர் போதும். கலங்கிய நீருக்கு அதிகம் தேவைப்படுமாதலின், சுகாதார ஆய்வாளரைக் கொண்டு சோதித்தல் நலம்.

பவுடரை வாளியிற் சிறிது நீர்விட்டுக் குழைத்து, பின் மேலும் நீரூற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியிற் படியவிட வேண்டும். தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் இறுத்துக் கிணற்றினுள் இறக்கி நன்கு கலக்குக. ஒரு மணி நேரம் கழியுமுன் நீர் இறைத்தல் ஆகாது. ஆதலின் இரவே இதற்கு ஏற்ற காலம்.

5. சங்கத்தார் கடமை

தனி ஒருவர் தம் வீட்டு நீரைக் காய்ச்சலாம். பொதுக் கிணற்றைத் தனித்துக் காத்தல் இயலாது. சங்கத்தார் பஞ்சாயத்தாருடன் கூடிச் செய்யத்தக்கவை வருமாறு:

அ. பிளீச்சிங் பவுடரை ஈரம் படாத மூடிய பாத்திரத்தில் வைத்தல். திறந்து வைத்தால் அதன் வீரியம் குன்றும்.

ஆ. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும், சிந்திய நீர் உட்புகாதவாறு சிமெண்டுத் தளமும் அமைத்தல்.

இ. வீடுதோறும் கக்கூஸ் உபயோகித்தலையும், மலங்கழித்த பின்னும் உண்ணுமுன்னும் சோப்பினாற் கைகழுவுதலையும் வழக்கமாக்குதல்.

ஈ. வாரம் ஒரு முறை தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி மூடிவைத்தல்.

உ. ஒரே தெருவிற் பலர்க்கு வயிற்றுப்போக்கு காணின், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்தல்.

ஒருவர் பாக்கி சங்கம் முழுவதையும் நலியச் செய்தல் போல, ஒரு வீட்டின் அசுத்தம் ஊர் முழுவதையும் வருத்தும். கடனில் ஒருவர்க்கொருவர் துணைநின்று பழகியோர்க்கு, கிணற்றைக் காப்பதில் கூடிநிற்றல் அரிதன்று.