முற்பிறவி நினைவும் வினை நுகர்ச்சியும்

சென்ற ஐப்பசித் திங்களில் ஓர் அம்மையார் எம்மிடம் போந்து ஒரு வினா நிகழ்த்தினர். ஒரே மகனை இழந்து ஈராண்டு கழிந்தும் துயர் ஆறாதவர் அவர். துயர் நீங்குமென்று பிறர் சொல்லக் கேட்டு, முற்பிறவிச் சிகிச்சை செய்வார் ஒருவரை நாடினராம். அவர் இவரை ஹிப்னாடிசம் என்னும் மனோவசியத் துயிலில் ஆழ்த்தி, பண்டைப் பிறவியைக் காண்க எனப் பணித்தனர். ஓர் ஆற்றங்கரையில் சிறுவன் ஒருவனை நீரில் விட்டுத் தாம் ஓடியதாக இவர் கண்டனர். "அச்சிறுவனே என் மகனாய் வந்து என்னை விட்டுப் போயினன் என்கின்றனர். ஐயா, நான் கொலைகாரியோ?" என்பதே வினா. மறுபிறப்பை உடன்படுஞ் சைவர் இதனையும் உடன்படல் வேண்டுமென்பது அவர் கருத்து. அங்ஙனங் கருதுவார் பிறரும் உளராகலின் அதனை ஈண்டு ஆராய்வாம்.

இம்முறை மேனாட்டிற் பரவியது அண்மைக் காலத்தேயாம். 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ நாட்டுப் பியூப்ளோ நகரில் மோரி பெர்ன்ஸ்டீன் என்னும் வணிகர் ஒரு பெண்மணியைத் துயிலில் ஆழ்த்த, அப்பெண்மணி தாம் 1798-இல் அயர்லாந்திற் பிறந்த பிரைடி மர்பி என்றனர். 1956-இல் அது நூலாக வெளிவந்து பெரிதும் விலைபோயிற்று. அயர்லாந்திற் சென்று தேடினார்க்கு அப்பெயரினாள் ஒருத்தி அங்ஙனம் வாழ்ந்தமைக்குச் சான்று கிட்டவில்லை. 1988-இல் மயாமி நகரத்து மனநோய் மருத்துவர் பிரையன் வைஸ் எழுதிய நூலால் இது சிகிச்சையெனவே பெயர்பெற்றது. சிறுவர் தாமே கூறும் முற்பிறவி நினைவுகளைப் பல்லாண்டு ஆராய்ந்து, மறுபிறப்பிற்குப் பரிந்து எழுதிய இயான் ஸ்டீவென்சனும் துயிலில் வருவித்த நினைவுகளை நம்பினாரல்லர் என்பது ஈண்டுக் கருதற்பாலது. கனடா நாட்டு உளநூலார் நிக்கலஸ் ஸ்பானோஸ் முதலியோர் செய்த சோதனைகளும், துயில்வோர் கூறுவன துயிற்றுவோர் முன்னர் உணர்த்திய குறிப்பின்வழி நடப்பன எனக் காட்டின.

இனி நம் நூற்றுணிபு யாது? உயிர் ஓருடல் விட்டு வேறுடல் எடுக்குங்கால் முன்னை அறிவை மறத்தற்கு, நனவிற் கண்டதைக் கனவில் மறத்தலைச் சிவஞானபோத இரண்டாஞ் சூத்திரம் உவமையாக்கிற்று. நனவில் தொழிற்படுங் கருவிகள் முப்பத்தைந்து. ஞானேந்திரியம் கன்மேந்திரியம் பத்தும் ஒழியக் கனவில் இருபத்தைந்து. ஓருடலிலேயே கருவி குறைந்துழி அறிவு திரியுமாயின், உடலே மாறியவழிக் கூறல் வேண்டுமோ? மனோவசியத் துயிலும் கருவி குறைந்ததோர் நிலையே. அதன்கண் தோன்றுவது இப்பிறவி வாசனை பற்றி எழுதல் கூடும். அம்மையாரை, "மகன் எவ்வாறு இறந்தனன்?" என வினவினேம். குளத்தில் மூழ்கி இறந்தனன் என்றும், அன்று தாம் ஊரில் இல்லை என்றும் கூறி அழுதனர். ஆற்றங்கரை எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு பிறவியை நாடல் வேண்டா.

அஃதேல், இச்சிகிச்சையாற் பலர் அச்சமுந் துயரமும் நீங்கினராலோ எனின், நீங்கினமை பொய்யன்று. கயிற்றைப் பாம்பென்று அஞ்சி ஓடினவன் களைத்து உறங்கினால் உறக்கம் மெய்யே, பாம்பு மெய்யாகாது. பிறரொருவர் பரிவோடு இருந்து கேட்பதே பாதித் துயரை ஆற்றும். அன்றியும், ஒருவர்க்கு ஆறுதலான காட்சி இவ்வம்மையார்க்குப் புண்ணிற் புகுந்த கோலாயிற்றே!

இதனினும் பெரியதோர் இழுக்கு உண்டு. வினை சடமாகலின் தானே வந்து பொருந்தாது. உயிர் சிற்றறிவினதாகலின் தன் வினையைத் தானே தெரிந்தெடுத்து நுகராது. ஆகலின் அறிந்து ஊட்டும் முதல்வன் வேண்டும் என்பது சித்தாந்தம். இன்ன பிறவியில் இன்ன செயலுக்கு இன்ன பயன் என ஒருவர் அரைமணிப் போதில் வரையறுத்துரைப்பராயின், அவர் அம்முதல்வன் இருக்கையில் தாம் இருந்தாராவர். மகனது வாழ்நாள் மகனது ஊழ். தாயது துயர் தாயது நுகர்வினை. ஒன்றைப் பற்றி மற்றொருவரைக் கொலைகாரி என்றல் எந்நூலினும் இல்லை.

முற்பிறவியை ஒருவரும் அறிந்திலரோ எனின், அறிந்தார் உளர். ஆரூரர் திருக்கயிலையில் இறைவற்குத் தொண்டராயிருந்தவர். ஆயினும் திருமணப் பந்தரில் ஓலை காட்டியபொழுதும் அதனை உணர்ந்திலர். வெண்ணெய்நல்லூர்த் திருவருட்டுறையில் இறைவனே உணர்த்த உணர்ந்தனர். காரைக்காலம்மையார் பிறவாமை வேண்டி, பிறப்பு உண்டாயின் மறவாமையும் வேண்டினர். அவர் மறவாதிருக்க விழைந்தது இறைவனை. கழிந்த பிறவிச் செய்திகளையன்று.

அம்மையாரை மனநோய் மருத்துவர் ஒருவரிடமும் செல்க என்றோம், சென்று வருகின்றனர். வெள்ளிக்கிழமைதோறும் எம்மிடம் திருவருட்பயன் பாடங் கேட்கின்றனர். சென்ற வாரம் மீண்டும் அவ்வாற்றங்கரையைப் பற்றி வினவினர். மேற்கூறிய விடையையே மீண்டும் கூறினேம்.