செயற்கைக்கால் போடுபவர்களுக்குத் தோல் பராமரிப்பு: முழுமையான வழிகாட்டி

உடம்பின் எடையைத் தாங்குவதற்கேற்பத் தடித்தது உள்ளங்கால் தோல். முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவருக்கு அந்தச் சுமை திடீரென்று ஸ்டம்பின், அதாவது எடுத்தபின் மிஞ்சிய காலின், மெல்லிய தோல்மீது ஏறுகிறது. அதுவும் செயற்கைக்காலில் ஸ்டம்பு நுழையும் காற்றுப் புகாத சாக்கெட்டுக்குள், நம் ஊர் வெயிலில். அதனால் சிவப்பதும் அரிப்பதும் உங்கள் குற்றமல்ல. கவனிக்காமல் விட்டால்தான், கால் இருந்தும் போடமுடியாமல் வீட்டோடு இருக்க நேரும்.

படி 1: இரவில் கழுவுங்கள்

காலையில் கழுவினால் ஈரத்தில் ஊறிய தோல் சாக்கெட்டில் ஒட்டி உரசும். இரவில் மென்மையான சோப்பு போதும். நுரை தங்காமல் அலசி, ஒற்றித் துடையுங்கள். ஸ்பிரிட் தடவாதீர்கள். முடியை மழிக்காதீர்கள், மயிர்க்கால்களில் சீழ்க்கொப்புளம் வரும்.

படி 2: கண்ணாடி வைத்துப் பாருங்கள்

மற்றதில் ஒருநாள் தவறினாலும் இதில் தவறாதீர்கள். சர்க்கரை நோயால் காலை இழந்தவருக்குப் புண் வந்தாலும் வலி தெரியாமல் போகலாம். ஸ்டம்பின் அடிப்பக்கம், முழங்காலின் பின்மடிப்பு, வெளிப்புறம் புடைத்திருக்கும் எலும்பு, முன்னெலும்பின் நுனி எல்லாவற்றையும் பாருங்கள். பார்வை மங்கலாக இருந்தால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

காலைக் கழற்றிய 10 நிமிடத்தில் சிவப்பு மறைந்தால் பயமில்லை. மறையாவிட்டால் அங்கே அழுத்தம் கூடுதல். வட்டமாக அரித்துப் பரவினால் படர்தாமரையாக இருக்கலாம். ஸ்டீராய்டு கலந்த களிம்பை நீங்களாக வாங்கிப் போட்டால் அது முற்றும். நுனித்தோல் தடித்து, மருபோல் சொரசொரத்தால், பெரும்பாலும் ஸ்டம்பின் நுனி சாக்கெட்டின் அடியில் படியாமல் தொங்குகிறது என்று பொருள். சாக்கெட்டைச் சரிசெய்யாமல் களிம்பால் மட்டும் இது தீராது.

படி 3: உறையைக் கவனியுங்கள்

ஸ்டம்பு உறையைத் தினமும் மாற்றுங்கள். ஸ்டம்பின்மேல் போடும் மெத்தென்ற லைனர் இருந்தால் அதையும் கழுவி உலர்த்துங்கள். பொழுது ஏற ஏற ஸ்டம்பு சற்றுச் சுருங்கி சாக்கெட்டுக்குள் இறங்கும். அப்போது இன்னொரு உறை போட்டுக்கொள்ளலாம். வெளியே போகும்போது பையில் கூடுதலாக இரண்டு இருக்கட்டும்.

படி 4: புண் வந்தால் கழற்றிவிடுங்கள்

பிளாஸ்திரி ஒட்டி, பஞ்சு வைத்துச் சமாளிக்க வேண்டாம். அந்தத் தடிப்பே புண்ணை இன்னும் அழுத்தும். ஆறும்வரை ஊன்றுகோல் போதும். மருத்துவரிடம் காட்டுங்கள், கால் செய்து கொடுத்தவரிடமும் காட்டுங்கள்.

முகாமில் இலவசமாகக் கிடைத்த கால் என்பதால் குறை சொல்லப் பலர் கூசுகிறார்கள். கூச வேண்டாம். கடிக்கிறது என்று சொல்லுங்கள், சாக்கெட்டைச் சரிசெய்து தரக் கேளுங்கள்.